கசிவைத் தேடாமல் ஒட்டுப் போடுவது படகைக் காப்பாற்றாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய நாட்களில் நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரை நெடுகிலும் பைபர் (கண்ணாடி இழை) படகுகளைக் கரையேற்றி ஒட்டுப் போடும் வேலை மும்முரமாக நடக்கிறது. அந்த ஒட்டுகளில் பல சில மாதங்களிலேயே விட்டுப்போய், அதே படகில் அதே இடத்தில் மறுபடியும் தண்ணீர் ஊறுவதையும் ஆண்டுதோறும் காண்கிறோம். ரெசின் (இறுகும் பிசின்) சரியில்லை, மேட் (கண்ணாடி இழை விரிப்பு) சரியில்லை, வேலை பார்த்தவர் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்படுகிறது. பைபர் படகு வேலையைத் தொழிலாகச் செய்து வருபவன் என்ற முறையில் நான் கூற விரும்புவது வேறு. கசிவு எங்கே இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் தேடுவதே இல்லை. தண்ணீர் உள்ளே எந்த இடத்தில் கண்ணுக்குப் படுகிறதோ, அந்த இடத்தில் ஒட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறார்கள். மீனவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட செய்தி என்பதால் தங்கள் நாளிதழ் வழியாக இதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

மரவள்ளங்கள் ஓடிய காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. மரவள்ளத்தில் தண்ணீர் வருவதென்றால் பெரும்பாலும் பலகைச் சேர்க்கையில்தான் வரும். பஞ்சை அடித்து இறுக்கி, குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பூசிக் கலப்பத்துப் பார்ப்பவர் ஊருக்கு ஊர் இருந்தார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் கடனாகவும் பைபர் படகுகள் ஏராளமாக வந்தன. ஒரே நேரத்தில் அத்தனை படகுகள் தேவைப்பட்டதால் புதிது புதிதாகப் பட்டறைகளும் தோன்றின. படகு கட்டும் அச்சு வந்தது, ரெசின் பீப்பாய் வந்தது; பழுது பார்க்கும் அறிவு மட்டும் அதே வேகத்தில் வந்து சேரவில்லை. கலப்பத்துக்காரரின் இடத்தில், கையில் ஒரு பிரஷும் வாளியும் வைத்திருக்கும் இளைஞர் வந்து நிற்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் முறையாகக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதே என் மனக்குறை.

பைபர் படகில் பலகைச் சேர்க்கை கிடையாது. ஆகவே கசிவுக்கு இன்ன இடம் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. மேலும், வெளித்தகட்டுக்கும் உள்தளத்துக்கும் இடையே மிதப்புக்காக நுரைக்கட்டிகளை வைத்து மூடியிருக்கிறார்கள். வெளியே பின்பக்கத்தில் ஒரு போல்ட் துளை வழியாக நுழையும் தண்ணீர், தகட்டுக்கும் நுரைக்கும் நடுவே ஊர்ந்து சென்று, படகின் நடுப்பகுதியில் உள்தளம் எங்கே சற்று விட்டிருக்கிறதோ அங்கே வெளிவரும். பார்ப்பவர் நடுப்பகுதியில் ஓட்டை என்று முடிவு கட்டி அங்கே நாலு மேட் வைத்து ஒட்டுவார். வெளிவரும் வழி அடைபட்டதால் தண்ணீர் உள்ளேயே தங்கி நுரையில் ஊறும். சில மாதங்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டதுபோலத் தெரியும். முன்பெல்லாம் ஆறு பேர் தள்ளினால் கரையேறிய படகு இப்போது எட்டுப் பேர் தள்ளியும் நகரவில்லை என்று பேச்சு வரும்போதுதான் விபரீதம் புரியும். படகு கனத்துப்போவதைக் கசிவின் முதல் அறிகுறியாக ஒவ்வொரு படகு உரிமையாளரும் எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே தேங்கிய தண்ணீர் படகு சாயும் பக்கமாகவே ஓடிச் சேர்ந்து, சாய்வை மேலும் கூட்டும். முகத்துவாரத்தைக் கடக்கும்போது அலைக்கு மேலே எழும்ப வேண்டிய அணியம் (படகின் முன்பக்கம்) எழும்பாமல் அலைக்குள்ளேயே புகுந்துவிடும்.

தேடும் வேலையைக் கடலிலேயே தொடங்கிவிடலாம். நங்கூரம் போட்டு அசையாமல் நிற்கும்போதும் தண்ணீர் ஊறுகிறதென்றால் கசிவு நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஓடும்போது மட்டும் வருகிறதென்றால், அதிர்விலும் அலையடியிலும் வாய் திறக்கும் விரிசல் எங்கோ இருக்கிறது என்று பொருள். என்ஜின் மாட்டியிருக்கும் இடத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும். வலையும் ஐஸும் மீனும் ஏற்றிய பிறகு மட்டும் வருகிறதென்றால், படகு தாழும்போது மட்டும் நீருக்குள் போகும் உயரத்தில், அதாவது பக்கச்சுவரின் மேல்பகுதியிலோ விளிம்புச் சேர்க்கையிலோ தேட வேண்டும். வந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பதும் அவசியம். உப்பில்லாத தண்ணீர் என்றால் அது மழையிலிருந்தோ உருகிய ஐஸிலிருந்தோ வந்தது. படகின் அடியைச் சுரண்ட வேண்டிய வேலையே இல்லை.

கரைக்கு வந்த பின், உள்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து முழுதும் உலர விட வேண்டும். ஓர் இரவு விட்டுப் பார்த்தால், மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, ஓரிடத்தில் மட்டும் பழுப்பு நிறத்தில் ஈரம் கசிந்துகொண்டோ உப்பு பூத்தோ இருக்கும். அங்கே தகட்டுக்குள் தண்ணீர் இருக்கிறது என்பது உறுதி. அடுத்து, ஒரு சிறிய சுத்தியலின் பிடியாலோ ஐந்து ரூபாய் நாணயத்தாலோ கைப்பிடி அளவு இடைவெளி விட்டு வரிசையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அடுக்கு விட்டுப்போன இடமும் உள்ளே நீர் கோத்த இடமும் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். அந்த எல்லையைச் சாக்கட்டியால் வட்டமிட்டு வைத்தால், கண்ணுக்குத் தெரியும் விரிசலைவிடப் பழுது பல மடங்கு பெரியது என்பது விளங்கும்.

இவற்றிலும் பிடிபடாத கசிவுக்கு நம்பகமான வழி, தண்ணீரை வெளியே அல்லாமல் படகுக்கு உள்ளே விட்டுப் பார்ப்பதாகும். முதலில் அணியத்திலும் நடுவிலும் பின்பக்கத்திலும் மணல் மூட்டைகளை முட்டுக் கொடுத்து, படகின் அடி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும். வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, சந்தேகமான இடங்களில் கோலமாவைத் தூவிவிட வேண்டும். பிறகு உள்ளே ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் விட்டுக் காத்திருக்க வேண்டும். அதில் மஞ்சள்தூளைக் கரைத்துவிட்டால் கசிந்து வரும் துளி நிறத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரேயடியாக நிரப்பக் கூடாது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. கடலில் வெளியிலிருந்து தாங்கும் நீர் இங்கே இல்லை என்பதால், முட்டு சரியாக இல்லாத படகு அந்தப் பாரத்தில் பிளந்துவிடும். முன்பே உள்தளம் போட்டு மூடிய படகுகளில் இந்தச் சோதனைக்கு உள்தளத்தில் கை நுழையும் அளவு திறப்பு வெட்ட வேண்டியிருக்கும். உரிமையாளர்கள் இதற்குத் தயங்குகிறார்கள். ஆனால் அந்தத் திறப்பின் வழியாகத்தான் நுரையின் நிலையும் தெரியவரும். ஊறிப்போன நுரையை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். வெயிலில் படகைப் போட்டு வைத்தால் காய்ந்துவிடும் என்று நம்புவதில் பயனில்லை. எடுத்த இடத்தைக் காலியாக விட்டுவிடவும் கூடாது, ஏனென்றால் படகு நிரம்பினாலும் மூழ்காமல் ஆட்களைத் தாங்கி நிற்பது அந்த நுரையால்தான். மலிவாகக் கிடைக்கிறதென்று தெர்மகோலை வைத்து அதன்மேல் ரெசினை ஊற்றுபவர்களைப் பார்க்கிறேன். ரெசினில் உள்ள ஸ்டைரின் தெர்மகோலைக் கரைத்துவிடும். மூடிய பின் உள்ளே இருப்பது வெறும் பள்ளம்தான்.

எங்கே தேட வேண்டும் என்பதற்கு என் அனுபவத்தில் மூன்று இடங்கள் முன்னே நிற்கின்றன. ஒன்று, ஏரா, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு. மணலில் இழுத்து இழுத்து ஏராவின் அடிப்பகுதி தேய்ந்து, ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சு போய், கண்ணாடி இழை நரைமயிர்போல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த இழைகளின் வழியே தண்ணீர் தகட்டுக்குள் ஏறிவிடும். ஓட்டை என்று ஒன்று தனியாக வேண்டியதில்லை. இரண்டாவது, என்ஜினைத் தாங்கும் பின்பலகை. பைபர் தகட்டுக்குள் மரப்பலகையை வைத்து மூடியிருப்பார்கள். போல்ட்டுக்குத் துளை போட்டவர் துளையின் உள்சுவருக்கு ரெசின் பூசாமல் விட்டிருந்தால், தண்ணீர் மரத்தில் இறங்கி, பலகை வெளியே பளபளப்பாகவும் உள்ளே சக்கையாகவும் ஆகிவிடும். அண்மையில் என்னிடம் வந்த ஒரு படகில், நடு அடிப்பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகள் தடித்துப் போயிருந்தன. உளியை நுழைத்து நெம்பியதும் எல்லா ஒட்டும் ஒரே பாளமாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் பழைய ஜெல்கோட் கொஞ்சமும் சுரண்டப்படாமல், பட்டறையிலிருந்து வந்த அதே நீல நிறத்தில் மின்னியது. அந்த இடத்தில் விரிசல் எதுவும் இல்லை. பின்பலகையின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றியபோது துளையிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. விரலை விட்டால் மரம் ஈரத் தவிடாக உதிர்ந்து வந்தது. அத்தனை ஒட்டுக்கும் அந்த மீனவர் கொடுத்த பணத்தில் பின்பலகையையே புதிதாகப் போட்டிருக்கலாம். மூன்றாவது இடம், தண்ணீரை வெளியேற்றும் அடைப்புத் துளையைச் சுற்றிய பகுதி. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அடைப்பானையும் அதன் வளையத்தையும் மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கசிவு உறுதியான பிறகு செய்யும் பழுது வேலையில், ஒட்டுவதைவிட ஒட்டுவதற்கு முன் செய்யும் வேலைதான் அதிகம். மீன் எண்ணெயும் டீசலும் படிந்த தகட்டை முதலில் அசிட்டோனால் துடைத்துவிட்டுத்தான் கிரைண்டரை வைக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் கிரைண்டரோடு சேர்ந்து தகட்டுக்குள் தேய்க்கப்படும். பிறகு ஜெல்கோட்டையும் நைந்த இழையையும் முழுதாக எடுத்து, நல்ல தகடு வரும்வரை போக வேண்டும். ஓட்டையின் விளிம்பைச் செங்குத்தாக விடாமல், தகட்டின் கனத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும் என்பது படகுப் பட்டறைகளில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 6 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டுக்கு ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏழு சென்டிமீட்டர் சரிவு வேண்டும். உள்ளங்கை அளவு ஓட்டைக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவு தேய்க்கச் சொன்னால் படகுக்காரர் முகம் மாறுகிறது. அந்தச் சரிவுதான் புதிய தகட்டைப் பழைய தகட்டோடு பிடித்து வைக்கிறது. வேறு பிடிமானம் இல்லை.

தேய்த்த இடத்தை நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். தகட்டுக்குள் உப்பு தங்கிவிட்டால் அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். உலர்ந்துவிட்டதா என்று அறிய, தெளிவான பாலித்தீன் துண்டு ஒன்றைத் தேய்த்த இடத்தின்மேல் வைத்து நான்கு பக்கமும் ஒட்டு நாடாவால் மூடி வெயிலில் விட்டால் போதும். பாலித்தீனின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் காயவில்லை. மழைக்காலத்துக்கு முந்தைய அவசரத்தில் விடுபடுவது இந்தக் காத்திருப்புத்தான். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம் இருப்பதால், அந்த நாட்களில் அவற்றைக் கரையேற்றிப் பொறுமையாகப் பராமரிக்கிறார்கள். பைபர் படகுகளுக்கோ அந்த நாட்கள்தான் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் நாட்கள். ஆகவே பழுதைத் தள்ளிப்போட்டு, காற்றில் ஈரம் ஏறிய பிறகு, மேட் ஈரத்தை உறிஞ்சி ரெசின் சரியாக இறுகாத பருவத்தில் செய்கிறார்கள். மழை ஓய்ந்த பின், மாசி, பங்குனி மாதங்களில் காலை வேளையில் பந்தல் நிழலில் செய்வதே சிறந்தது என்பது என் கருத்து.

ரெசின் கலப்பதில் ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். ரெசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்ட்டையும் அதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான், கேட்டலிஸ்ட்டை ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லிலிட்டர் வரை, வெயில் கூடுதலாக இருந்தால் குறைத்து, அளந்து ஊற்ற வேண்டும். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றும் பழக்கம் பல கரைகளில் இருக்கிறது. கூடினால் ரெசின் கொதித்து நொறுங்கும் தன்மை பெறும். குறைந்தால் என்றைக்கும் முழுதாக இறுகாது. கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம் என்பதால், உடனே கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ரெசினிலிருந்து வரும் ஸ்டைரின் ஆவியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதர்களுக்குப் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்ற வகையில் 2018-இல் சேர்த்தது. மீன் வைக்கும் அறைக்குள் குனிந்து, முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை செய்யும் இளைஞர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. கண்ணாடித் தூளுக்கும் ஆவிக்கும் உரிய முகக்கவசம், கையுறை, கண்ணாடி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு ஒரு ரெசின் கேனின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

ஒட்டும்போது பழைய தகட்டின்மேல் முதலில் மேட்தான் வர வேண்டும். ரோவிங் என்னும் கண்ணாடி இழை நெசவுத் துணியை நேரடியாக வைத்தால் அதன் முரட்டு நெசவு பழைய பரப்பைச் சரியாகக் கவ்வாது. பிறகு ரோவிங்கும் மேட்டும் மாறி மாறி, பழைய கனம் வரும்வரை வைக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் தரும் என்ற கணக்கு தெரிந்திருந்தால் எத்தனை அடுக்கு என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். மூன்று நான்கு அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் வைத்தால் சூடேறி உள்ளே வெடிப்பு விழும். உள்பக்கம் மட்டும் ஒட்டிவிட்டு விடுவது பெருந்தவறு. வெளியிலிருந்து தகட்டுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும். கடலின் அழுத்தமும் அந்த ஒட்டை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். வெளிப்பக்கம் ஒட்டினால் அதே அழுத்தம் ஒட்டைப் படகோடு சேர்த்து அமுக்கும். கடையில் கிடைக்கும் எபாக்சி புட்டி கடலில் அவசரத்துக்கு உதவும், படகில் ஒன்று இருப்பது நல்லது. ஆனால் கரைக்கு வந்த பின் அதை முழுதாகச் சுரண்டி எடுக்காமல் மேலே வழக்கமான பாலியஸ்டர் ரெசினைப் பூசினால் இரண்டும் ஒட்டாது.

இவற்றில் எதுவும் பெரிய இரகசியம் அல்ல. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டே இயங்கி, நம் கரைகளுக்கு ஏற்ற படகு வடிவங்களை ஆராய்ந்தது. மத்திய அரசின் மீன்வளக் கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனத்துக்குச் சென்னையில் ஒரு பிரிவு இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் 2012 முதல் நாகப்பட்டினத்திலேயே இருக்கிறது. இத்தனை அறிவும் கூப்பிடு தூரத்தில் இருக்க, மீன் இறங்கும் கரையில் ஒரு வாரப் பயிற்சியாக அது வந்து சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை. வகுப்பறையில் படம் காட்டும் பயிற்சி போதாது. பழைய படகு ஒன்றைக் கரையில் போட்டு, கசிவைக் கண்டுபிடிப்பது முதல் ஜெல்கோட் பூசுவதுவரை பயிற்சி பெறுபவரே தம் கையால் செய்து முடிக்க வேண்டும். முடிப்பவருக்குச் சான்றிதழும் கிரைண்டர், உருளை, அளவுக்குப்பி, முகக்கவசம் அடங்கிய ஒரு பெட்டியும் மீன்வளத்துறை வழங்கலாம்.

மீன் இறங்குதளங்களில் ஏலக்கூடமும் வலைப் பின்னும் கூடமும் கட்டப்படுகின்றன. அவற்றை ஒட்டி, மழை படாத கூரையும் நல்ல தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் கொண்ட ஒரு படகுப் பழுது கூடம் இருந்தால், ஆண்டின் எந்த மாதத்திலும் ஒழுங்கான வேலை நடக்கும். தேய்த்த தூளும் வெட்டிய துண்டும் மணலில் பரவாமல் ஓரிடத்தில் சேர்ந்து அப்புறப்படுத்தப்படவும் அது உதவும். பாலியஸ்டர் ரெசின் சில மாதங்களுக்கே நன்றாக இருக்கும் பொருள். தகரக் கூரையின் அடியில் வெந்துகொண்டிருக்கும் பீப்பாயிலிருந்து தயாரிப்புத் தேதி இல்லாமல் கேனில் ஊற்றி விற்பதைத் துறை கண்காணிக்க வேண்டும். புதிய படகை ஒப்படைக்கும் பட்டறை, எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, என்ன ரெசின், நுரை எங்கே, பின்பலகைக்குள் என்ன மரம் என்ற விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதைப் படகுப் பதிவுக்கு நிபந்தனையாக்கலாம். பழுது பார்க்க வருபவர் கையில் அந்த ஒரு தாள் இருந்தால், தட்டியும் வெட்டியும் ஊகிப்பதில் போகும் நேரத்தில் பாதி மிச்சமாகும். இந்தப் பருவமழை முடிந்து மாசி பிறப்பதற்குள் ஒரு கரையிலாவது இந்தப் பயிற்சியைத் தொடங்கிவைக்க மீன்வளத்துறை அதிகாரிகளைத் தங்கள் நாளிதழ் வழியாக வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பைபர் படகு பழுது பார்ப்பவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.